பத்திரிகையில் வாங்கிய பட்டம்

"ஃபாரம் ஃபில்லப் பண்ணக்கூட ஆளில்லாத ஊடு... நீ காலேஜ் போய் இன்னாம்மா பண்ணப் போற?"

நான் பிளஸ் டூ முடித்த வருடம், எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தறி தெரியும், எழுத்து தெரியாது. அவர் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து நானே நிரப்பினேன். மூன்று இடத்தில் அடித்தல் திருத்தல். சீட் கிடைத்தது!

இப்போது ஆரணியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கோடை விடுமுறையில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். யாரும் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்ட வேலை.

இந்த முறை பதினைந்தே நாளில் மூன்று கல்யாணம், விண்ணப்ப வேலை, நடுவில் தோழி ஜெயமாலா வீட்டுக்கு ஒரு பயணம். ரெஸ்ட்? பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்!

ஜெயமாலாவோடு போளூர் பக்கத்துத் திருமலையில், சமணர் கோயில் படியேறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. படவேட்டிலிருந்து தேன்மொழி. அவளுடைய இன்ஜினீயரிங் விண்ணப்பத்தை நிரப்பியபோது நான்தான் கூட இருந்தேன்.

"அக்கா... முதல் பட்டதாரி சர்டிபிகேட் தர முடியாதுன்னு வி.ஏ.ஓ. சொல்லிட்டாருக்கா." பேச்சைவிட அழுகை அதிகம்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கான சான்றிதழ் அது. இருந்தால் கட்டணச் சலுகை. இல்லையென்றால் இன்ஜினீயரிங் கிடையாது என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். பதிவேற்ற இன்னும் ஒரு வாரம்தான்.

"உங்க வீட்ல யாரு பட்டதாரி?"

"யாருமே இல்லக்கா! அண்ணன் கல்யாணப் பத்திரிகைலதான்..."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் பக்கத்துப் பத்திரிகைகள் உங்களுக்குத் தெரியும்தானே? பெயருக்குக் கீழே பட்டம் இல்லாவிட்டால் அச்சகத்துக்காரரே, "மொட்டையா இருக்குதே சார்" என்று வருத்தப்படுவார். தேன்மொழியின் அண்ணன் முருகன் இரண்டாம் வருடத்தோடு கல்லூரியை விட்டவர், டிராக்டர் ஓட்டுகிறார். பத்திரிகையிலோ தங்க எழுத்தில் பி.காம்! அதை வெற்றிலை பாக்கோடு முதலில் யாருக்குக் கொடுத்தார்கள்? வி.ஏ.ஓ.வுக்கு.

படவேட்டுக்கு பஸ்ஸை நம்பினால் பொழுது போய்விடும். ஜெயமாலா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"அவங்களே கையில குடுத்துட்டு, இப்ப இல்லன்னா நான் இன்னாம்மா பண்றது?" என்றார் வி.ஏ.ஓ. "டிகிரி முடிக்கலன்னு பையன் எழுதிக் கையெழுத்து போடட்டும். காலேஜ் டி.சி.யும் வேணும். ஜல்தியா ரிப்போர்ட் அனுப்பிடறேன்."

நியாயமான பேச்சு. முருகன்தான் மசியவில்லை.

"ரெண்டு நாள்ல கல்யாணம், டீச்சர். இப்பப் போய் எழுதிக் குடுத்தா ஊரே பேசிகினு கெடக்கும். பொண்ணு ஊட்ல இன்னா நெனப்பாங்க? பேஜார் பண்ணாதீங்க. கல்யாணம் ஆவட்டும், பாக்கலாம்."

பாக்கலாம்! இந்த ஒரு வார்த்தையை நம்பி வீட்டோடு நின்றுபோன பெண்கள் எத்தனை பேர்? தேன்மொழியை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு இஷ்டமில்லை. "டி.சி.ய தேடி எடுத்து வை" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போளூரில் கல்யாணம். தாலி கட்டியாயிற்று. பரிசு கொடுக்கும் வரிசையில் நானும் நின்றேன் — கையில் ஒரு வெள்ளைத்தாள், பேனா. பக்கத்தில் டி.சி.யோடு தேன்மொழி.

முருகன் முகம் வெளிறியது. "மேடையிலயா டீச்சர்?"

"வி.ஏ.ஓ. பந்தியில உட்கார்ந்திருக்காரு. எழுந்துட்டா திரும்பப் பிடிக்க முடியாது."

"இன்னா பேப்பர் அது?" — மணப்பெண் திவ்யா.

தாளை முருகன் பக்கம் நீட்டினேன். அவர்தான் சொல்ல வேண்டும். முருகன் தங்கையைப் பார்த்தார், மாலையைச் சரிசெய்தார், கடைசியில் முணுமுணுத்தார்: "நான் பி.காம் முடிக்கல. அத எழுதிக் குடுத்தாதான் தேனுவுக்கு சர்டிபிகேட்டாம்."

திவ்யா சிரித்துவிட்டாள். "இவ்ளோதானா? டிராக்டர் ஓட்டறாருன்னு சொல்லித்தான் எங்கப்பா உங்களக் காட்டினாரு. பி.காம யாரு கேட்டா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பேருக்குக் கீழ பி.எஸ்சி. போட்டிருக்குதே... ரெண்டு அரியர் இன்னும் அப்படியே கெடக்குது. போய் எழுதிக் குடுத்துட்டு வாங்க. ஃபோட்டோகிராஃபர் நிப்பாரு."

மாலையோடு எழுதினார். மாலையோடு பந்திக்கு நடந்தார். வி.ஏ.ஓ. இடது கையால் தாளை வாங்கி, "சாப்ட்டுட்டுப் படிக்கிறேன், வெச்சிட்டுப் போப்பா. ரசம் வருது" என்றார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் சான்றிதழ் வந்தது. தேன்மொழி தானே பதிவேற்றினாள். நான் மவுஸைத் தொடவே இல்லை.

படிக்காததில் அவமானம் ஒன்றும் இல்லை. அதை மறைக்க நாம் அச்சடிக்கும் இரண்டு எழுத்து, நிஜமாகவே படிக்கப் போகிற பெண்ணின் வழியில் போய் நிற்கிறதே... அது மட்டும் எனக்குத் தாங்கவில்லை.

என் சித்தப்பா மகனுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகையின் ப்ரூஃப் நேற்று வந்தது. நான்கு பெயர்களுக்குப் பட்டம் போட்டிருந்தார்கள். மூன்றை சிவப்புப் பேனாவால் அடித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நான்காவது என்னுடையது. அது நான் படித்து வாங்கியது!