கேட்டருகே அரை மணி நேரம்

போன வருஷம் பங்குனி வெயிலில், திண்டுக்கல் நத்தம் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஒரே மகள் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அவள் ஆசையாய் வளர்த்த பெண் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

ஒரு காலை நான் கடைக்குக் கிளம்பும்போது நாய் சாய்ந்து விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயெல்லாம் நுரை. வலிப்பென்றால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். கடைச் சாவிக்கொத்தை அதன் முன்னங்காலில் வைத்து அழுத்தினேன். நாய் எங்கே சாவியைப் பிடிக்கப் போகிறது! என் மனைவி பள்ளிக்கூட டீச்சர், வலிப்பு வந்த பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள்.

"சாவியத் தூரப் போடுங்க. தலை கட்டில்ல முட்டாமப் பாத்துக்கங்க, செத்த நேரத்துல நின்னுரும்" என்றாள்.

இரண்டு நிமிடத்தில் நின்றது. தள்ளாடி எழுந்த நாய்க்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. நேராக மகளின் அறைக்குப் போய்க் கட்டிலை மோந்து பார்த்தது. பிறகு கேட்டுக்கு வந்து, அவள் ஸ்கூட்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அவள் போனதையே மறந்துவிட்டது. அரை மணி நேரம் அப்படியே இருந்தது. நானும் கடையை மறந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக, அவள் வந்துவிடுவாள் போலத்தான் இருந்தது.

கால்நடை டாக்டர் மாத்திரை கொடுத்தார். இரண்டு வேளையும் தவறவே கூடாது என்றார். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. நாயும் கேட்டுக்குப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மனைவி வத்தலக்குண்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம், கையில் எடுத்த மாத்திரையைத் திரும்ப டப்பாவிலேயே போட்டேன். மறுநாளும் கொடுக்கவில்லை. அந்த அரை மணி நேரம் இன்னொரு தரம் கிடைக்காதா என்ற கேவலமான ஆசை.

மூன்றாம் நாள் வந்த வலிப்பு ஐந்து நிமிடமாகியும் நிற்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். வழியிலேயே இன்னொன்று வந்தது. டாக்டர் கேட்டதற்கு, மாத்திரை கொடுக்க மறந்துவிட்டது என்று பொய் சொன்னேன். ஊசி போட்டு வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தது. எழுந்து யாரையும் தேடத் தெம்பில்லை. என் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே மகளுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லி அழுதேன்.

"எனக்கும் அம்புட்டுத் தேடுதுப்பா. அதுக்கு அவளப் போட்டுப் படுத்தாதீங்க. தேடுனா எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள்.

இப்போது காலை ஏழு, சாயங்காலம் ஏழு, ஒரு வேளையும் தவறுவதில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு நாய் நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறது. தெருவில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் கேட்டைத் திரும்பிப் பார்ப்பது நான் மட்டும்தான், அது நான் பட வேண்டிய ஏக்கம், அந்த வாயில்லா ஜீவன் தலையில் இனி அதை ஏற்ற மாட்டேன்.