நீலவாலனுக்கு அசலில் ஒரு பெண்

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்குப் போனேன். "போட்டுடுச்சு... போட்டுடுச்சு!" என்று வாய் நிறைய நுரையோடு நான் போட்ட கூச்சலில் கணவரும் மகள் நித்யாவும் ஓடி வந்தார்கள். வேறொன்றுமில்லை, என் கப்பி மீன் குட்டி போட்டிருந்தது!

சந்தாபுராவில் எங்கள் பால்கனியில் துணி காயப் போட இடமில்லை. எல்லாம் மீன் தொட்டிகள். எல்லாம் ஒரு நீல வாலுக்காக! ஒவ்வொரு தலைமுறையிலும் அடர்ந்த நீலம், அகன்ற வால் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றையே ஜோடி சேர்த்துச் சேர்த்து... கடைசியில் விசிறி மாதிரி வாலோடு ஒருவன் வந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் செல்போனோடு தொட்டி முன்னால் நின்றுவிடுவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன ஈத்தில் விழுந்தது அடி. பாதிக் குட்டிகளுக்கு முதுகு வளைந்திருந்தது. சில, நீந்த முடியாமல் அடியிலேயே கிடந்தன. அழுதேவிட்டேன். ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்தால் வேறென்ன ஆகும்? வாலைப் பார்த்த நான் முதுகைப் பார்க்கவில்லை.

"இனிமே சொந்தத்துல வேணாங்க்கா. அசல்ல பொண்ணு எடுங்க" என்றாள் கவிதா. எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னோடு வேலை பார்க்கிறவள். ஈஜிபுரா வீட்டில் அவளும் கப்பி வளர்க்கிறாள். பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், மாதக்கணக்கில் அவன் குட்டிகளையே போடும். அதனால், ஆண் மீனே படாமல் தனித் தொட்டியில் வளர்ந்த ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள்.

"ஆனா இது சாதா வாலுக்கா. உங்க நீலம் காணாமப் போனாலும் போயிடும். ஓகேவா?"

ஓகேவா? இத்தனை நாள் பாடுபட்டதே அந்த நீலத்துக்குத்தானே! ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

"பேக பேகன்னு அவசரப்பட்டு நீலவாலன் கூட விட்டுடாதீங்க. கொஞ்ச நாள் தனியா வெச்சு, நோய் நொடி இல்லைன்னு பார்த்துட்டு விடுங்க" என்றாள். எனக்கா பொறுமை? புதுப்பெண் சாப்பிட்டாளா, துடுப்பை விரித்தாளா என்று ஆபீசிலிருந்தே போன் போட்டுக் கேட்பேன்.

கணவருக்கு ஒரே சிரிப்பு. "மீனுக்கு மட்டும் அசல் சம்பந்தமா?" அவர் என் சொந்த அத்தை மகன். போதாததற்கு, ஞாயிறுதோறும் வாணியம்பாடியிலிருந்து அண்ணன் போன். "நித்யா என் பையனுக்குத்தான், ஞாபகம் வெச்சுக்க." நித்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நானோ, அண்ணன் மனம் கோணக்கூடாதே என்று, "பார்க்கலாம்ணா" என்று மழுப்புவேன்.

சரி, இன்றைய காலைக்கு வருகிறேன். டார்ச் அடித்துப் புதுப்பெண்ணின் குட்டிகளைப் பார்த்தேன். நேர் முதுகு... எல்லாமே நேர் முதுகு! விர் விர்ரென்று ஓடுகின்றன! நீலம் வருமா என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும். வராவிட்டால் போகட்டுமே!

"பார்த்தீங்களா? நம்ம ஆசைக்காக சொந்தத்துக்குள்ளயே கட்டி வைக்கக் கூடாது!" என்று குதித்தேன்.

"சூப்பர்ம்மா" என்றாள் நித்யா. "இதையே மாமாகிட்டயும் சொல்லு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அண்ணன்தான். இந்த முறை மழுப்பவில்லை.

"அண்ணா, ஒரு குட் நியூஸ்..." என்று கப்பியிலிருந்து ஆரம்பித்தேன்.