நான் வைக்காத கையெழுத்து

அந்த ஆட்டக்காரன் எந்த அணிக்குப் போவான் என்று அமெரிக்காவே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில், டென்மார்க்கில், பிராண்டே என்ற சிறிய ஊரில் இருந்த நானும் உடைத்துக்கொண்டிருந்தேன். கூடைப்பந்தின் பெரிய நட்சத்திரம். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி விரும்பிய அணியோடு கையெழுத்து வைக்கலாம். காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில், சாப்பாட்டு இடைவேளைகளில் போனைத் தடவித் தடவி வதந்திகளைப் படிப்பேன். எனக்கு அந்த விளையாட்டில் ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் மகளோடு கதைப்பதற்காகத்தான்.

அவள் தலைநகருக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் இருக்கிறாள். ஞாயிறு பின்னேரம் நான்தான் போன் எடுப்பேன். வேலை எப்படி, சாப்பிட்டாயா, அதோடு கதை முடிந்துவிடும். அந்த ஆட்டக்காரனைப் பற்றிக் கேட்டால் மட்டும் அரைமணி நேரம் நிற்பாள், பாதி டெனிஷில், பாதி தமிழில்.

"அவன் இருக்கிற இடத்திலயே இருக்கவேணும் பிள்ளை. வளத்துவிட்ட ஊரை விட்டிட்டுப் போறதோ?"

"அப்பா, உங்களிட்ட ஆர் கேட்டது?" என்று சிரிப்பாள்.

அப்படிச் சிரிக்கும் ஒரு நாளில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மை இதுதான். பதினைந்து வயதில் அவள் ஊர்க் கழகத்தில் நன்றாக விளையாடினாள். இங்கே ஒன்பதாம் வகுப்பு முடிய, பிள்ளைகள் ஒரு வருடம் தங்கிப் படிக்கிற எஃப்டஸ்கோல என்று ஒன்று இருக்கிறது. கூடைப்பந்துக்குப் பேர்போன ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தபால்பெட்டியில் அதை முதலில் கண்டது நான். பொம்பிளைப் பிள்ளையை ஒரு வருடம் வெளியில் விட்டால் சனம் என்ன கதைக்கும் என்று பயம். முகத்துக்கு நேரே மறுக்கவும் துணிவில்லை. அழுவாள், அவள் அம்மாவும் அவள் பக்கம்தான் நிற்பாள். கடிதத்தைக் காருக்குள் ஒளித்துவிட்டு வந்து, "இடமில்லையாம் பிள்ளை, போன் எடுத்துக் கேட்டனான்" என்றேன்.

அவள் அடுத்த மாதம் கழகத்துக்குப் போவதை நிறுத்தினாள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை செய்தி வந்தது. நட்சத்திரம் பழைய அணியை விட்டுப் போய்விட்டான். ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. தொழிற்சாலை வாசலில் காருக்குள் இருந்து அவளுக்கு எடுத்தேன். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

"பிள்ளை, கையெழுத்து வைச்சிட்டான்."

"ஓம் அப்பா, பாத்தனான்."  பிறகு டெனிஷில் சொன்னாள்: "எத்தனை அணிகள் அவனிடம் கெஞ்சின! என்னையோ ஒரு பள்ளிக்கூடமே வேண்டாம் என்றுவிட்டது. இப்போதும் எதற்கு விண்ணப்பித்தாலும், இடமில்லை என்றுதான் பதில் வரும் என்று முதலே தோன்றிவிடுகிறது." பகிடிபோலத்தான் சொன்னாள். சிரிக்கவும் செய்தாள்.

வாயைத் திறந்தேன். கடிதம் வந்தது, அவர்கள் உன்னைக் கேட்டார்கள், நான்தான் ஒளித்தேன். அவ்வளவு சொன்னால் போதும். சொன்னால் ஞாயிற்றுக்கிழமையும் என் கையை விட்டுப் போய்விடும்.

"அவங்களுக்கு உன்ர அருமை தெரியேல்லை பிள்ளை" என்றேன்.

"பரவாயில்லை அப்பா" என்று தமிழில் என்னைத் தேற்றினாள்.