வாடைக்காற்றில் வீட்டு வண்டி

மணலில் தண்ணீர் கொட்டினால் சத்தமே வராது. அன்றைக்கு மதியம் நான்கு ஆட்களோடு திரும்பி வந்தபோது எங்கள் வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. பெஞ்சுக்கு அடியில் இருந்த இரண்டு தண்ணீர் டிரம்களின் அடைப்பையும் பிடுங்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் நர்ஸ் சிஸ்டர் நின்றிருந்தார். முப்பது குடம் தண்ணீர் கடற்கரை மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. "வண்டி லேசா இருந்தா சீக்கிரம் போயிடலாம்ல அண்ணா?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் நடமாடும் மருத்துவ வண்டிக்கு நான் டிரைவர். லாரிச் சட்டத்தின் மேல் ஒரு அறையைக் கட்டி ஏற்றியதுபோல இருக்கும். உள்ளே இரண்டு படுக்கை, மருந்து அலமாரி, ஸ்டவ், கை கழுவும் தொட்டி. திங்கட்கிழமை வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், உப்பங்கழியைத் தாண்டிக் கடலோரக் குப்பங்களில் மூன்று நாள் தங்குவோம். சிஸ்டரும் ஆயாவும் வண்டிக்குள் படுப்பார்கள். எனக்குப் பள்ளிக்கூட வராந்தா. "வூடு வந்துகினு கீது டோய்!" என்று குப்பத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடி வருவார்கள். மூன்று நாள் எங்களுக்கு அது வீடுதான். உப்பளங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் வானம் தண்ணீரில் கிடக்க, கழியின் குறுக்கே போகும் அந்த ஒற்றைச் சாலையில் ஓட்டும்போது நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். சிஸ்டர் முன் சீட்டில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். அந்த நாட்களை இப்போதும் கனவில் காண்கிறேன்.

ஆனால் கார்த்திகை பிறந்து வாடை வீச ஆரம்பித்தால் கனவு எல்லாம் ஓடிப்போகும். சுவர் மாதிரி உயரமான வண்டியைக் கண்டால் காற்றுக்குக் குஷி. வெட்டவெளியில் நேராகத் தள்ளும் காற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். சவுக்குத் தோப்பு ஓரமாகப் போகும்போது சட்டென்று காற்று நின்றுவிடும். நாம் அசந்திருக்கும்போது தோப்பு முடியும், ஒரே அறை. எதிரே பஸ் கடந்தாலும் இதே கதைதான். அந்த நேரத்தில் பயந்து ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் தீர்ந்தது. காற்றுக்காலத்தில் நான் கூரைமேல் இருக்கும் கூடாரத் துணியையும் இரும்புக் கம்பிகளையும் இறக்கி வண்டிக்குள் தரையில் போட்டுவிடுவேன். டிரம்களை விளிம்பு வரை நிரப்பிவிடுவேன். கனம் கீழே இருக்க வேண்டும். மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் போக மாட்டேன். "மாட்டு வண்டி நம்மள ஓவர்டேக் பண்ணுது, பாருங்க" என்று சிஸ்டர் கிண்டல் செய்வார்.

அன்றைக்குக் கிண்டல் இல்லை. தலைப்பிரசவத்துப் பெண் ஒருத்தி இரண்டு நாளாக வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் குடிசைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இங்க முடியாது அண்ணா. தாம்பரம் போயே ஆகணும்" என்றார். கட்டிலோடு அவளைத் தூக்கிவர ஆள் கூட்டிவர நான் போயிருந்த நேரத்தில்தான் தண்ணீர் மணலுக்குப் போனது. கிணறு எங்கோ இருந்தது. திரும்ப நிரப்ப நேரம் இல்லை. காற்றோ வடக்கிலிருந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"எட்டு பொம்பளைங்க வண்டியில ஏறுங்க" என்றேன்.

"இன்னாத்துக்குபா?" என்றாள் பெண்ணின் அத்தை.

"பாரத்துக்கு."

"அப்ப நல்லா தின்னு கொழுத்தவளா பாத்து இட்டுகினு போ" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் சிரித்துவிட்டார்கள். காற்று அடிக்கிற வடக்குப் பக்கமாக, தரையோடு தரையாக, எட்டுப் பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

கழிச்சாலையில் ஏறியதும் வண்டி ஒருமுறை பக்கவாட்டில் நகர்ந்தது. முழுசாக ஒரு முழம். பன்னிரண்டு மைலுக்கு இறக்கினேன். பின்னால் பெண்கள் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டார்கள். சிஸ்டர் தடுப்புப் பலகையை ஓங்கித் தட்டினார். "வேகமா போங்கண்ணா! உயிர் போயிட்டிருக்கு!" அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் அதற்கு முன் பேசியதே இல்லை. நான் காலை அழுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அறை விழும்போதெல்லாம் ஸ்டியரிங்கைக் கொஞ்சமே கொஞ்சம் காற்றுப் பக்கம் கொடுத்து, அது ஓய்ந்ததும் மெல்லத் திருப்பி எடுத்து, ஊர்ந்தேன். ஊர்ந்தேன் என்பதுதான் சரி.

தாம்பரம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வெகுநேரம் கழித்து சிஸ்டர் வராந்தாவுக்கு வந்தார். "பொண்ணு பொழச்சிட்டா. குழந்தை இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அதே வண்டியில் போனோம். கழிச்சாலை வந்தால் நான் மனசுக்குள் கணக்குப் போடுவேன். இருபதில் போயிருந்தால் எத்தனை நிமிஷம் மிச்சம், இருபத்தைந்தில் போயிருந்தால் எத்தனை. அந்தப் பெண் பிறகு இரண்டு பிள்ளை பெற்றாள். வண்டியைக் கண்டால் முறம் நிறைய மீனோடு ஓடி வருவாள். "அண்ணாதான் என்னை இட்டாந்து காப்பாத்துச்சு" என்பாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. சிஸ்டரிடமும் பேச்சு குறைந்தது. வேலைப் பேச்சு மட்டும்தான். அவரும் பாட்டு முணுமுணுப்பதை விட்டுவிட்டார்.

இப்போது அந்தக் கழிமேல் பாலம். சிறுசேரிக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போகிற கார்கள் எண்பதில் பறக்கின்றன. என் மகன் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்பேன். "எதுக்குப்பா பயப்படற?" என்று சிரிப்பான். பயம் இல்லை, அந்த இடத்தில் என் கால் இன்னும் பன்னிரண்டு மைலிலேயே நிற்கிறது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

அந்த ஆறு வருஷத்தின் முடிவில் சிஸ்டருக்குத் திருமணமாகி வெளியூர் போகிற நாள் வந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். ரயில் கிளம்ப இரண்டு நிமிஷம் இருந்தது. இனி எப்போது பார்ப்போமோ என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"சிஸ்டர், அன்னைக்கு நான் வேகமா ஓட்டியிருந்தா அந்தக் குழந்தை பொழச்சிருக்குமா?"

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, அண்ணா! அது குப்பத்துலயே போயிடுச்சு. நான் கை வச்சுப் பாத்தப்பவே துடிப்பு இல்ல. தாயையாவது காப்பாத்தணும்னுதான் துடிச்சேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லியே. அன்னைக்கு நான் கத்தினதுக்குத்தான் எங்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறீங்கன்னு நெனச்சிட்டேன். மன்னிப்புக் கேக்கலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு."

ரயில் நகர்ந்தது. அவர் அழுதுகொண்டே ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. என்மேல் அதைவிட. ஆறு வருஷம், ஒரே சீட்டில், ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்து போயிருக்கிறோம்.