சகலை போட்ட தரை

கான்கிரீட் தரை போடுகிறவனுக்குப் பாதி வேலை சும்மா உட்கார்ந்திருப்பதுதான். கலவையைக் கொட்டி, பரப்பி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டால், மேலே மிதக்கிற தண்ணீர் வற்றும்வரை ஓரமாகக் குந்திக்கொண்டிருக்க வேண்டும். முந்தினால் தரை குழம்பிவிடும், பிந்தினால் பூச்சுக் கரண்டி ஏறாது. அந்தச் சும்மா நேரத்தில் மற்றவர்கள் பீடி பிடிப்பார்கள், செல்போன் பார்ப்பார்கள். நான் என் சகலையைப் பற்றி யோசிப்பேன்.

சகலை என்றால் சாலமோன். என் மனைவி எஸ்தரின் தங்கையைக் கட்டியவன். அவனும் தரை வேலைதான். காஞ்சிபுரத்தில் இருபது வருடமாக நான் முட்டி போட்டு இரும்புக் கரண்டியால் தேய்த்துக்கொண்டிருக்க, எனக்குப் பின்னால் தொழிலுக்கு வந்த அவன் ஒரு சின்ன பவர் ட்ரவல் மிஷின் வாங்கிவிட்டான். மேஜை மின்விசிறியைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் ஒரு பெட்ரோல் இன்ஜினை உட்காரவைத்து, நீளமாக ஒரு கைப்பிடி கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். நாலு தகடும் சுற்றிச் சுற்றித் தரையை மழமழவென்று ஆக்கிவிடும். நான் நாள் முழுக்கத் தேய்ப்பதை அவன் பேண்ட் மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவான்.

உங்களுக்கும் ஒரு சகலை இருந்தால் நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்கள் பக்கத்து சீட்டுக்காரரையோ எதிர்வீட்டுக்காரரையோ நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, சாலமோன் தரையைவிட உன் தரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதற்காக நான் பட்ட பாடு இது.

மாமியார் பார்த்த தரை

சாலமோன் மிஷினை வைத்து முதன்முதலாகப் போட்டது ஒரு பட்டுச்சேலைக் கடையின் குடோன் தரை. அதைக் காட்ட எங்கள் மாமியார் குடும்பத்தையே ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வேளாங்கண்ணிக்குப் போகிற மாதிரி எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். போகாவிட்டால் பொறாமை என்று சொல்லிவிடுவார்கள் இல்லையா.

தரை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு சொரசொரப்பாவது அகப்படாதா என்று குனிந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். மூலையில் அகப்பட்டது. வட்டமாகச் சுற்றுகிற மிஷின் மூலைக்குள் நுழையாது. அங்கே கையால்தான் தேய்க்க வேண்டும், சாலமோனுக்குக் கை வேலை அவ்வளவாக வராது. "அத்தை, இங்க கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். மாமியார் குடோன் நடுவில் நின்று, மேலே எரிகிற ட்யூப் லைட் கீழே தரையில் தெரிவதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். நான் மூலையில் குந்தியிருப்பதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. எஸ்தரிடம் சொன்னார்: "பெரிய மாப்ள போடற தரையும் நல்லாத்தாம்மா இருக்கும். இன்னா, அதுல லைட்டு தெரியாது."

பாய் கேட்ட கேள்வி

அடுத்த மாதமே எனக்கும் ஒரு குடோன் கிடைத்தது. பாத்திரக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவருடையது. வீம்பாக வேலை செய்தேன். முட்டிக்கு அடியில் பலகை போட்டுக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, ஒரே தரையை நாலு தடவை தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் தரை இறுகி வர வர இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும். நாலாவது தடவை முடிந்து எழுந்தபோது என் இடுப்பு என்னோடு எழவில்லை. ஆனால் லைட் தெரிந்தது. மங்கலாகத்தான், ஆனால் தெரிந்தது.

பாய் தொழுகை முடித்து வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரமாக ஒரு சுற்று நடந்தார். மூலையில் நின்று பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக என் தோளைத் தட்டினார்: "மாஷா அல்லாஹ், அருமையா இருக்குது மேஸ்திரி. சாலமோன் தம்பிகிட்ட கத்துக்கினீங்களா?"

வாடகை மிஷின்

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. சாலமோனுக்குத் தெரியாமல் ஒரு மிஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பழகிவிடுவது என்று தீர்மானித்தேன். செவிலிமேட்டில் ஒரு வீட்டு வாசலில் கார் நிறுத்த ஒரு தரை கேட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கைப்பிடியை லேசாகத் தூக்கினால் மிஷின் ஒரு பக்கம் நகரும், லேசாக அழுத்தினால் மறுபக்கம் நகரும். வித்தை அவ்வளவுதான், அதில் முக்கியம் அந்த 'லேசாக'. நானோ சாலமோன் சட்டைக் காலரைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்திருந்தேன். மிஷின் என்னை ஒரு சுற்று இழுத்தது. இரண்டாவது சுற்றில் செருப்பு போயிற்று. மூன்றாவது சுற்றில் எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஈரத் தரையில் என் கால் தடம் வட்ட வட்டமாக விழுந்துகொண்டே போனது. என்னோடு பல வருடமாக வேலை செய்கிற சித்தாள் காஞ்சனா, இரும்புச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கைய வுடுங்க மேஸ்திரி. வுட்டா அதுவே நின்னுடும். நீங்க புடிச்சிக்கினு இருக்கற வரிக்கும் அது சுத்திக்கினேதான் இருக்கும்."

உள்ளே வருகிற பாதம்

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஓரிக்கையில் சாலமோன் ஒரு ரிடையர்ட் டீச்சரம்மா வீட்டுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தான். மாமியார் வீடும் ஓரிக்கைதான், ஆகவே அந்தப் பக்கம் போக எனக்கு ஒரு சாக்கு இருந்தது. போனபோது வேலை முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஹால் தரை கண்ணாடி மாதிரி கிடந்தது. மிஷின் எட்டாத வாசற்படியோரத்தை மட்டும் கடைசியாகக் கையால் பூசியிருந்தான். அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கலாம் என்று செருப்பைக் கழற்றி இடது காலை வைத்தேன். இன்னும் ஈரம். குதிகாலும் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்துவிட்டன. என் இடது கால் பெருவிரல், ஒரு தடவை கருங்கல் விழுந்து, வெளிப்பக்கமாகக் கோணிப்போனது. அந்தக் கோணலும் பதிந்திருந்தது.

கரண்டி பக்கத்திலேயே கிடந்தது. அரை நிமிடத்தில் தேய்த்து மறைத்திருக்கலாம். நான் மறைக்கவில்லை. மனசுக்குள் ஜில்லென்று இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை சாலமோனே போன் செய்தான். "சகல, தரையில யாரோ கால வெச்சிட்டாங்க. டீச்சரம்மா இன்னா சொல்லுவாங்களோ தெரியல. ஒட்டு போடறது ஒங்களுக்குத்தான் நல்லா வரும், கொஞ்சம் வர்றீங்களா?" போனேன். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். தரை வேலைக்கு ஷூ போட்டு வந்தவனை சாலமோன் மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தான். இன்றைக்கு இவனுக்கு இருக்கிறது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "உடைச்சு ஒட்டெல்லாம் போட வேணாம்பா. வருஷா வருஷம் கோகுலாஷ்டமிக்கு மாவுல பாதம் போடறேன், மறுநாளே அழிஞ்சுடுது. இது உள்ள வர்ற மாதிரிதானே இருக்குது, இருக்கட்டும். வெளிய போற மாதிரி இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

ஆறு தறிக் குழி

முனிரத்தினம் என்கிற தறிக்காரர் ஆறு தறி போடுகிற மாதிரி புதிதாக ஒரு கொட்டகை கட்டினார். ஆறும் குழித்தறி. நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, தரை விளிம்பில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். பாவு பிணைக்கும்போது, அதாவது நீள இழைகளை முடிச்சுப் போடும்போது, பட்டு நூல் தரையில் புரளும். அதனால் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: தரை காய்ந்த பிறகு பட்டு நூலை அதன் மேல் இழுத்துப் பார்ப்பேன், எங்கேயாவது மாட்டினால் மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவேன் என்று. ஒரு தரைக்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. வேலை சாலமோனுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் குழிக்குப் பக்கத்தில் மிஷினை விட்டால் மிஷின் குழிக்குள்தான் கிடக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கைதான் ஓட வேண்டும். சாலமோன் என்னைக் கூப்பிட்டான்.

விடிகாலையில் கான்கிரீட் கொட்டிவிட்டு, தண்ணீர் வற்றுவதற்காக இரண்டு பேரும் சுவரோரமாகக் குந்தியிருந்தோம். அவனாகவே பேச்சை எடுத்தான். "ஒங்க மேல எனக்கு எப்பவும் ஒரு வயித்தெரிச்சல் சகல. அத்தை என்னாண்ட வந்து, லைட்டு தெரிஞ்சா போதுமா சின்ன மாப்ள, பெரிய மாப்ள போடற ஓரத்தப் பாருங்க, எறும்பு நடந்தாக்கூட வழுக்கும்னு சொல்லுது." எனக்கு அப்படியே மிதக்கிற மாதிரி இருந்தது. பத்து நிமிடம் இருந்திருக்கும். அப்புறம், இதை இவனால் இவ்வளவு சுலபமாக வாய்விட்டுச் சொல்ல முடிகிறதே, நம்மால் முடியவில்லையே என்று அதற்கும் பொறாமை வந்துவிட்டது.

அவன் மிஷினை ஓட்டத் தொடங்கினான். நான் குழி குழியாக விளிம்பு தேய்த்துக்கொண்டு போனேன். அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. மிஷின் தேய்ப்பு முடிந்து என் தேய்ப்பு தொடங்குகிற இடத்தில் கரண்டி ஓரத்தால் மெல்லியதாக ஒரு கோடு விட்டேன். இதுவரை சாலமோன், இதற்கப்புறம் நான் என்று கண்ணுள்ளவர்கள் கண்டுகொள்ளட்டும். ஐந்து குழிக்கும் கோடு விட்டுவிட்டு ஆறாவதுக்கு நகர்ந்தேன். என் முட்டிக்கடியில் இருந்த சாக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அதன் நார் ஒன்று என் கோட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. சாக்கு நாரே மாட்டுகிற இடத்தில் பட்டு நூல் என்ன ஆகும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தரை இறுகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஐந்தாவது குழியில் முட்டி போட்டு என் கோட்டை நானே அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தேன். கொட்டகையில் திடீரென்று சத்தம் நின்றது. சாலமோன் மிஷினை நிறுத்திவிட்டு, அந்தப் பேண்ட்டோடு முதல் குழியில் முட்டி போட்டிருந்தான். அங்கேதான் வெயில் அதிகம். அவன் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு குழி, நான் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு. மூன்றாவது குழியில் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் பேச மூச்சில்லை. கடைசிக் கோடு மறைந்ததும் அவன் கரண்டியைத் துடைத்துக்கொண்டே என் இடது கால் பெருவிரலைப் பார்த்தான். "இதயாவது அழிக்க வந்தீங்களே, நல்லதாப் போச்சு சகல. ஓரிக்கையில கரண்டிய பக்கத்துலதான் வெச்சிட்டுப் போயிருந்தேன்."

பட்டு நூல் பரீட்சை

தரைக்குப் பத்து நாள் தண்ணீர் கட்டிக் காயவிட்ட பிறகு முனிரத்தினம் கூப்பிட்டனுப்பினார். முறுக்காத பட்டு நூல் ஒரு கொத்து எடுத்து, நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, கொட்டகை முழுக்க இழுத்துக்கொண்டே நடந்தார். நானும் சாலமோனும் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு குழியையும் சுற்றி வந்தார். விளிம்பில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஆறாவது குழி முடிந்தது. நூல் எங்கேயும் நிற்கவில்லை. சாலமோன் சட்டைக்குள் போட்டிருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டான்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "நடு எப்படி, ஓரம் எப்படி, ரெண்டுல எது நல்லா வந்திருக்குது, சொல்லுங்களேன்" என்று கேட்டேவிட்டேன். சாலமோன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். முனிரத்தினம் குழி விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி உள்ளங்கையால் தரையை முன்னும் பின்னும் தடவினார். "நாப்பது வருசமா நெய்யறேன்பா. சேல ஒடம்பும் கரையும் கோர்வையில எங்க சேருதுன்னு கண்ண மூடிக்கினு கைய வெச்சே சொல்லிடுவேன். இதுல மிஷின் எங்க வுட்டுச்சு, கை எங்க புடிச்சிதுன்னு எனக்குத் தெரியலயே."

காஞ்சிபுரத்திலேயே நல்ல தரை அதுதான், அதில் பாதி நான் போட்டது, ஆனால் எந்தப் பாதி என்று கேட்டால் காட்டத்தான் எனக்கே தெரியவில்லை.