பழைய மொன்றியலில் வாடகை மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: ஊரில் எந்தச் சந்தியில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும், அது எங்கள் கடை வண்டியைத் தேடித்தான் போகிறது என்று தோன்றும். கலியாணக் கதிரையோ தண்ணீர்ப் பம்போ, எதையாவது வாடகைக்குக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

நான் நின்றது மொன்றியலின் பழைய நகரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருசங்கள் அவை. போன் வழி சொல்லாத காலம். மே மாதம் கடை திறக்கும், ஒக்டோபரில் பூட்டும். வருகிறவர்கள் கல் பதித்த தெருக்களையும் முந்நூறு வருசத்துக் கட்டடங்களையும் பார்த்துவிட்டு, ஐரோப்பாவுக்குப் போகாமலே போய்வந்ததாகச் சொல்லிக்கொண்டு திரும்புவார்கள். நான் கவுண்டரில் நின்று சாவி கொடுப்பேன்.

வேலைக்கு எடுத்த கதை

அதற்கு முதல் ஆறு வருசம் சென் லோரன் பகுதியில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கிற வேலை செய்தேன். அந்தத் தொழிற்சாலை பூட்டுப்பட்ட மாதம், பள்ளிக்கூடத்தோடு பழைய நகரம் பார்க்கப் போன என் மகள் ஒரு கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று கண்டு, விலாசத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் மெட்ரோ பிடித்துப் போனேன்.

கடை முதலாளி மதாம் ஜினெட்டுக்கு அறுபது வயதிருக்கும். ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமயிர், தோல் ஜக்கெட். மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று கேட்டார். மன்னாரில் மிட்வைஃப் வேலை பார்த்தபோது ஐந்து வருசம் சின்ன மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போனவள் நான் என்று, தெரிந்த பிரெஞ்சில் பாதியும் கையால் மீதியுமாகச் சொன்னேன். லைசென்ஸ் எங்கே என்றார். அங்கே இருந்தது என்றேன். என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

“அங்கே இருந்தது அங்கேயே இருக்கட்டும். இப்போது அந்த ஹெல்மெட்டுகளைத் துடைத்துவிட்டுக் கவுண்டரில் நில்.”

சிவப்பு விளக்கு

மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக்கூடாது. வெளியூர்களில் திரும்பலாம். சாவி கொடுக்கும்போது இதை மூன்று தரம் சொல்லவேண்டும் என்பது கடைச் சட்டம்.

ஒன்ராறியோவிலிருந்து வந்த ஒரு மனிதருக்கு மூன்று தரமும் சொன்னேன். மூன்று தரமும் தலையை ஆட்டினார். வரைபடத்தில் சிவப்புப் பேனையால் கோடும் போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில், கடை வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற சந்தியிலேயே பொலிஸ் அவரை மறித்தது. அபராதத் துண்டோடு திரும்பி வந்தவர் கவுண்டரில் ஓங்கித் தட்டினார். நான் சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

“நீ சொன்னாய்தான். ஆனால் எங்கள் ஊரில் திரும்பலாமே!”

குதிரை

சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிற குதிரை வண்டிகளும் எங்கள் மோட்டார் சைக்கிள்களும் அந்தக் காலத்தில் ஒரே தெருவில்தான் ஓடின. ஒரு மத்தியானம் கடைப் போன் அடித்தது. சென் போல் தெருவில் ஒரு குதிரை நடுவில் நின்றுவிட்டதாம், ஹோர்ன் அடிக்க அடிக்க அசையவில்லையாம். பேசியவர் எங்கள் வண்டியில் போன பொஸ்டன்காரர்.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். சாம்பல் நிறக் குதிரை ஒன்று காதைப் பின்னால் மடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றது. பின்னால் அரைத் தெருவுக்கு வாகனங்கள். வண்டிக்காரப் பெண் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு அப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொஸ்டன்காரரின் கையை ஹோர்னிலிருந்து எடுத்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரம் போனதும் குதிரை தானாக நடந்தது. அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அப்பிளின் மீதியைக் குதிரைக்கு நீட்டிக்கொண்டே கேட்டாள்:

“என் குதிரைக்கு இந்தத் தெருவில் பதினொரு வருச அனுபவம். உங்கள் ஆளுக்கு எத்தனை?”

இருநூறு கிலோ

வண்டிகளுக்கு முன்னால் ஓடி, வாடிக்கையாளர்களைக் கூட்டமாக அழைத்துக்கொண்டு போக எங்களிடம் ஒரு கைடு இருந்தான். ஜூலை நடுவில், காதலியோடு வன்கூவருக்குப் போகிறேன் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். கூட்டமாக வருகிறவர்களால்தான் கடையே ஓடியது. அடுத்த கோடைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் பூட்டவேண்டியதுதான் என்றார் மதாம் ஜினெட். நான் செய்யிறன் என்றேன். சொன்ன பிறகுதான் லைசென்ஸ் ஞாபகம் வந்தது.

வீட்டில் இவர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “நாப்பத்திரண்டு வயசிலையோ? விழுந்து கை கால் உடைஞ்சால் ஆர் பாக்கிறது?” என்றார். “விழமாட்டன்” என்றேன்.

அடுத்த வாரமே விழுந்தேன். பயிற்சி வகுப்பில், செம்மஞ்சள் கூம்புகளுக்கு இடையில், ஆட்கள் பார்க்க. நான் ஐந்தடி. மன்னாரில் ஓடியது இதன் பேரப்பிள்ளை அளவு வண்டி. இதில் ஒரு கால் ஊன்றினால் மற்றக் கால் ஆகாயத்தில். கூம்பில் முட்டி முதல் பரீட்சையில் தோற்றேன். இரண்டாம் தரம் நடுவழியில் இயந்திரம் நின்று தோற்றேன். அன்று பஸ்சில், வீடிருந்த சென் மிஷேலுக்குத் திரும்பி வரும்போது அழுகை வந்தது. எங்கள் தரிப்புக்கு முதல் தரிப்பிலேயே அழுது முடித்துவிட்டு இறங்கினேன்.

பிறகு ஒவ்வொரு மத்தியானச் சாப்பாட்டு நேரமும் கடைக்குப் பின்னால் இருந்த வெறும் வளவில் பழகினேன். எங்கள் மெக்கானிக் லூக் ஒரு பழைய வண்டியை நிலத்தில் சரித்துப் போடுவான். இருக்கையில் முதுகைக் கொடுத்து, முழங்காலை மடித்து, பின்பக்கமாகவே நடந்து அதை நிமிர்த்தவேண்டும். முதல் நாள் அசையவேயில்லை. நாலாம் நாள் அரைவாசி எழும்பித் திரும்ப விழுந்தது. ஒன்பதாம் நாள் நிமிர்ந்து நின்றது. லூக் சான்விச்சை வாயிலிருந்து எடுத்தான்.

“மதாம், இருநூறு கிலோவைத் தூக்கிவிட்டீர்கள். இனி குப்பை வாளியை வெளியே வைக்க என்னைக் கூப்பிடாதீர்கள்.”

செத்துப்போன ரேடியோ

மூன்றாம் தரம் கூம்புப் பரீட்சை பாஸ். தெருவில் ஓடிக்காட்டுகிற பரீட்சைக்கு அடுத்த வசந்தம்வரை காத்திருந்தேன். பனிக்காலம் முழுக்க நூலகத்துப் பிரெஞ்சுப் புத்தகத்தை வைத்து, எந்தக் கட்டடத்தை எவர் கட்டினார் என்று பாடமாக்கினேன். சமைக்கும்போது சத்தமாகச் சொல்லுவேன். உச்சரிப்புப் பிழைத்த இடத்தில் மகள் அறைக்குள் இருந்து திருத்துவாள்.

பரீட்சை நாளில் தூறல். பரீட்சகர் பின்னால் காரில் வருவார். இடது, வலது என்று என் காதில் மாட்டிய ரேடியோவில் சொல்லுவார். ஐந்து நிமிடம் சொன்னார். பிறகு சத்தமே இல்லை. நான் ஏதோ பிழை விட்டதால் கோபித்துக்கொண்டு பேசாமல் வருகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாதவரை நேராய்ப் போ என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். போனேன். ஒவ்வொரு சந்தியிலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துப் போனேன். கடைகள் முடிந்தன, வீடுகள் முடிந்தன, பெரிய பாலம் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. பாலத்தில் ஏறினால் தீவைவிட்டே போய்விடுவேன். சிக்னல் போட்டு ஓரத்தில் நிறுத்தினேன். அவர் கார்க் கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடி வந்தார்.

“திரும்புங்கள், திரும்புங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது மதாம்! பற்றரி செத்துவிட்டது, ஆனால் உங்களிடம் ஒரு பிழை பிடிக்க முடியவில்லை.”

கைட் எங்கை?

நான் முன்னால் ஓடிய முதல் பயணத்தில் நாலு பேர். இரண்டு இத்தாலியச் சகோதரிகள், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், பாரிஸிலிருந்து கலியாண வீடொன்றுக்கு வந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. அண்ணையின் மனைவி ஹெல்மெட் தலையைக் கலைக்கும் என்று வரவில்லை. கடை வாங்கிலில் இருந்தார்.

“கைட் எங்கை?” என்று அண்ணை தமிழில் கேட்டார்.

“நான்தான் அண்ணை.”

“பகிடி விடாதேங்கோ தங்கச்சி. பாரிஸிலை எத்தினை வருசமாய் மோட்டார் சைக்கிள் ஓடுறன் தெரியுமோ?”

சென் போல் தெருவில் மழை பிடித்தது. நனைந்த கல்லில் பிரேக்கை மெதுவாகத்தான் தொடவேண்டும் என்று எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன். அண்ணை என்னை முந்திக்கொண்டு போனார். அடுத்த கணம் பிரேக் அடித்த சத்தம். வண்டி சறுக்கிக்கொண்டு போய்ப் பூச்சாடியில் மோதியது. அண்ணை தெருவில் இருந்தார். ஓடிப் போய்க் கை, கால், கழுத்து எல்லாம் தொட்டுப் பார்த்தேன். முழங்காலில் சிராய்ப்பு மட்டும். முதுகைக் கொடுத்து வண்டியை நிமிர்த்தினேன். இத்தாலிச் சகோதரிகள் கை தட்டினார்கள். அண்ணை கை தட்டவில்லை. வண்டியில் ஏறாமல் பூச்சாடி விளிம்பில் போய் இருந்துவிட்டார்.

மற்றவர்களை ஒரு கோப்பிக் கடைக்குள் இருத்திவிட்டு, அவரோடு ஒரு பழைய கட்டடத்து வாசலில் ஒதுங்கினேன். அங்கேதான் உண்மையைச் சொன்னார். பாரிஸில் அவர் மெட்ரோவில்தான் போகிறவர். கடைசியாக மோட்டார் சைக்கிள் ஓடியது யாழ்ப்பாணத்தில், பதினேழு வருசத்துக்கு முன். லைசென்ஸை மட்டும் விடாமல் வைத்திருந்திருக்கிறார். “மனுசிக்கு முன்னாலை ஒருக்கா ஓடிக் காட்டோணும் போலை இருந்தது” என்றார். கடைக்குப் போன் பண்ணி லூக்கை வரச் சொல்லவா, மெதுவாக என் பின்னால் வாறீங்களா என்று கேட்டேன். மழை விட்டதும் எழும்பினார். ஊருக்கு நடுவில் இருக்கிற மலையின் உச்சிவரை, சைக்கிள்காரர்கள் எங்களை முந்துகிற வேகத்தில் ஏறினோம். மேலே நின்று ஊரைப் பார்த்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, கீழை இறங்கேக்கையும் நான் உங்களுக்குப் பின்னாலைதான் வாறன், மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

ஞாயிறு பூசைக்குப் பிறகு

அந்தக் கோடை கடை பூட்டவில்லை. ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து என் வீட்டுக்காரர் நேராகக் கடைக்கு வந்து, ஒரு ஹெல்மெட் தாரும் என்றார். பகிடியாக்கும் என்று நினைத்தேன். சேர்ட் பொத்தானை எல்லாம் பூட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். முதல் சந்திவரை என் இடுப்பை நெரித்த நெரிப்பில் மூச்சு விடமுடியவில்லை. இரண்டாம் சந்தியில் பிடி தளர்ந்தது. பழைய துறைமுகத்தை ஒட்டிப் போனபோது, நிப்பாட்டும், நிப்பாட்டும் என்று தோளில் தட்டினார். பயந்துவிட்டாராக்கும் என்று நிறுத்தினேன்.

இறங்கிப் போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக் கப்பலொன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் வீடு, களஞ்சிய வேலை, கோயில் என்று மூன்று இடத்துக்குத்தான் போய்வந்தவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்:

“பதினாலு வருசமாய் இந்த ஊரிலை இருக்கிறன், இந்த ஆத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

எத்தனையோ கோடை இந்த ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன், ஆனால் பின்னால் வருகிறவர்கள் விழுந்தார்களா நிற்கிறார்களா என்று பக்கக் கண்ணாடியையே பார்த்து ஓடியதில், மொன்றியலை நான் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் கண்டிருக்கிறேன்.