மூன்று நாள் மடங்காத கத்தி

அரக்கோணம் பிளாட்பாரத்தில் ஒருவர் கொய்யாவைப் பிளந்து மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனையில், திருத்தணிக்குக் கிழக்கே இப்போது மனைக்கல் நட்டுக் கிடக்கும் கொய்யாத்தோப்புக்கு நான் போய்விட்டேன்.

நைனா, என் அப்பா, அங்கே காவலுக்கு இருந்தார். தோப்புக்காரர் தன் பழைய மடக்குக் கத்தியை அவருக்குக் கொடுத்திருந்தார். மரப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளை. நைனா விரித்ததும் ‘டக்’கென்று நின்றது, திரும்ப மடங்கவில்லை. பூட்டிக்கொள்கிற கத்தியை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார். மூன்று நாள் அதைத் துண்டில் சுற்றி, நிமிர்த்திப் பிடித்தபடியே வரப்பில் நடந்தார்.

“இன்னா மாமா, மலைக்கு வேல் எடுத்துகினு போறியா?” என்று பழம் பறிக்கிற பெண்கள் சிரித்தார்கள்.

“புள்ள இருக்கிற வூடு, திருப்பிக் குடுத்துடறேன்” என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார் நைனா. எனக்கோ அந்தக் கத்தியை விட மனசில்லை.

அழுக்காகக் கொடுக்கக் கூடாதென்று அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிடியின் முதுகில் இருந்த இரும்புத்துண்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தபோது கத்தி இளகி மடங்கியது.

“இத்த அமுக்கிப் பாத்தியா நீ?”

“எண்ணெ ஊத்துனேனே” என்றார் நைனா.

அன்றைக்கே அவருக்கும் மூடத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தோப்பு இருந்த வரைக்கும், மத்தியானங்களில் எங்களுக்குப் பழம் அறுத்து முடித்ததும், விரித்த கத்தியை அம்மாவிடம் நீட்டி, “எனக்கு வரலம்மே, நீயே மூடு” என்பார்.